வராத நாயகனுக்கு ஒரு பீங்கான் தலை

காலை ஏழு மணி இருபது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு டீக்கோப்பை. தரையிலிருந்து நாலடி உயரத்தில், யார் கையும் படாமல், அது காற்றில் நின்றுகொண்டிருந்தது.

விருத்தாசலத்துக்கு நான் நிருபராக வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஜங்ஷனுக்கு அந்தப் பக்கம், பீங்கான் தொழிற்கூடங்கள் இருக்கும் தெருவில், களிமண் லாரி ஒன்று கவிழ்ந்துவிட்டதாகத் தகவல் வந்து பார்க்கப் போயிருந்தேன். லாரி கவிழவில்லை. சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். திரும்பும் வழியில்தான் கோப்பை. ஒரு தொழிற்கூடத்தின் வாசலில் வேப்பமரம், மரத்தில் ஏணி, ஏணியில் ஒருவர். அவர் கையிலிருந்து தூண்டில் நரம்பு இறங்கி வந்து கோப்பையின் காதில் முடிந்திருந்தது.

என்னைப் பார்த்ததும் அவர் இறங்கி வந்தார். அறுபதை நெருங்கும் வயது, சட்டைப் பையில் ரிமோட் கண்ட்ரோல்.

"வாங்க சார். அன்னைக்கி பேச்ச பாதியிலியே வுட்டுட்டுப் போயிட்டீங்களே."

அவரை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அதைச் சொன்னேன்.

"அதனால என்னா? மீதியப் பேசுவோம், உக்காருங்க" என்றார்.

இந்த உலகத்தில் எதற்குமே ஆரம்பம் தேவையில்லை என்று வாழ்ந்து காட்டிய ஒரே மனிதர் அவர்தான். பெயர் ஏதோ இருந்தது. ரேஷன் கார்டுக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் மட்டுமே அது தெரியும். தெருவுக்கு அவர் 'பார்ட்-டூ'. வயதில் சிறியவர்களுக்கு 'பார்ட்-டூ அண்ணா'.

பட்டப்பெயருக்குக் காரணம் ஒரு படம். வெகு காலத்துக்கு முன் ஹாலிவுட்டில் எடுத்த ஒரு கறுப்பு-வெள்ளைப் பேய்ப்படம். பயமுறுத்தும் பேய் இல்லை, சிரிப்புப் பேய். சென்னைக்குச் சரக்கு அனுப்பப் போன இடத்தில், பிளாட்பாரத்தில் கிடந்த டிவிடி ஒன்றை எடுத்து வந்தார். வீட்டில் போட்டுப் பார்த்த பிறகுதான் அது இரண்டாம் பாகம் என்று தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் முதல் பாகத்தைத் தேடியிருப்பார்கள். இவர் அதைத் தேடவில்லை. இனி எதிலுமே முதல் பாகம் வேண்டாம் என்று முடிவெடுத்தார்.

"மொத பாகத்துல என்னா சார் இருக்குது? இவுரு யாரு, அவுங்க யாருன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. ரெண்டாவதுலதான் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அப்பதான் வாழ்க்கையே சூடு புடிக்குது."

கல்யாணங்களில் முகூர்த்தத்துக்கு அவர் போனதில்லை. மறுவீட்டு விருந்துக்குத்தான் போவார். தியேட்டருக்கு இடைவேளையில் நுழைவார். பத்திரிகைத் தொடர்கதையைப் பத்தாவது வாரத்தில் படிக்கத் தொடங்கி, முந்தைய வாரங்களில் என்ன நடந்திருக்கும் என்று தாமே தீர்மானித்துக்கொள்வார். டீக்கடையில் முதல் டீயைப் பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுத்துவிட்டு இரண்டாவதைக் குடிப்பார். அவர் வரும் நேரத்தில் அவர் பக்கத்தில் நிற்க ஆள் சேர்ந்துவிடும். இதனால் அவருக்கு ஊரில் கெட்ட பெயர் எதுவும் இல்லை.

படத்தின் கதையை அவர் எனக்குச் சொன்னது கோப்பையைப் பார்த்த அந்த முதல் நாளில்தான். ஒரு பணக்காரத் தம்பதி செத்துப்போய் ஆவியாகியிருக்கிறார்கள். இது முதல் பாகத்தில் நடந்திருக்க வேண்டும். இரண்டாம் பாகத்தில் மனைவி ஆவி மட்டும் வருகிறாள். பளபளவென்று கவுன் போட்டுக்கொண்டு சுவருக்குள் புகுந்து புறப்படுகிறாள். அவள் கண்ணுக்குத் தெரிவது ஒரே ஓர் ஆளுக்கு. பாவப்பட்ட ஒரு கேஷியருக்கு. கடற்கரை ஓட்டல் ஒன்றில் கேஷியர் சும்மா உட்கார்ந்திருக்க, கோப்பை எழும்புகிறது, நாற்காலி நகர்கிறது, உதை எல்லாம் கேஷியருக்கு விழுகிறது.

ஆங்கிலம் பார்ட்-டூவுக்குச் சுமார். ஆகவே வசனம் முழுவதும் அவர் சொந்த வசனம். நடிகர்களின் பெயர்களும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. எல்லாருக்கும் அவரே முறை வைத்திருந்தார். ஆவி அம்மாள் 'சின்னம்மா'. கேஷியர் 'மாப்ள'. மாப்பிள்ளையின் சந்தேகப் பிராணியான மனைவி 'ஜங்ஷன் ரோட்டு அத்தை'. உண்மையிலேயே ஜங்ஷன் ரோட்டில் அவருக்கு ஓர் அத்தை இருந்தாள், அதே மூக்கு.

ஒவ்வொரு முறை படம் பார்க்கும்போதும் ஓர் ஆளை மட்டுமே பின்தொடர்வார். "இன்னிக்கு சர்வரப் பாக்கறேன்" என்பார். சர்வர் படத்தில் தட்டு ஏந்தி நான்கு தடவை குறுக்கே போகிறான், அவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் அவன் சமையலறையில் என்ன செய்துகொண்டிருப்பான் என்று யோசித்தபடி உட்கார்ந்திருப்பார். "அந்தப் பையனுக்கு ஏதோ மனக்கொற சார். மூணாவது தடவ வரும்போது பாருங்க, தட்டு லேசா ஆடும்."

கணவன் ஆவி? அவன் இரண்டாம் பாகத்தில் இல்லை. படத்தின் தொடக்கத்தில் சின்னம்மா ஒரு காலி நாற்காலியைப் பார்த்து ஏதோ ஒரு வரி சொல்கிறாள். அதோடு கணவன் விவகாரம் முடிந்தது. அந்த இடத்தில் மட்டும் பார்ட்-டூ ரிமோட்டை எடுத்து நிறுத்திவிடுவார்.

"அவுருக்கு வேற ஊருக்கு மாத்தல் ஆயிடுச்சின்னு சொல்றாங்க சார். ஆவிங்களுக்கும் டிரான்ஸ்பர் இருக்குது போல. ஆனா வருவாரு. அந்த நாக்காலியத் தொடச்சி வெச்சிருக்காங்க பாருங்க."

டிவியில் உறைந்து நின்ற காட்சியை நான் உற்றுப் பார்த்தேன். நாற்காலி சுத்தமாகத்தான் இருந்தது.

தொழிற்கூடம் அவருடையது. பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்தார்கள். கொலு பொம்மை, அகல்விளக்கு, மின்சார ஃபியூஸ் கட்டை. நவராத்திரிக்கு முன் மூச்சுவிட நேரம் இருக்காது. சரக்கெல்லாம் போய்ச் சேர்ந்து, ஆயுத பூஜை வந்தால் ஓய்வு. மற்றத் தொழிற்கூடங்களில் அன்று பொரி கடலை கொடுத்து, பூசணிக்காய் உடைத்து அனுப்பிவிடுவார்கள். இவர் இடத்தில் மட்டும் நாடகம். அந்தப் படமேதான். கோப்பை காற்றில் தொங்கியது அதற்கான ஒத்திகை.

சின்னம்மாவாக நடிப்பவர் ஸ்டெல்லா அக்கா. பொம்மைகளின் ஓரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் வேலை அவருக்கு. "மொதலாளி, நான் ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போறவ. என்னய வருஷா வருஷம் பேயாக்கறீங்க" என்று ஒவ்வோர் ஆண்டும் மறுப்பார், ஒவ்வோர் ஆண்டும் கவுனைத் தாமே தைத்துக்கொண்டு வருவார். கேஷியர் வேடம் பேக்கிங் மணிக்கு. வைக்கோல் வைத்துப் பொம்மை கட்டும் ஆள். எதைச் சொன்னாலும் பயந்த முகம் அவருக்கு இயற்கையாகவே இருந்தது.

கணவன் வராவிட்டாலும் மேடையில் சின்னம்மாவின் வீட்டுக் கூடத்தில் அவன் சிலையாவது இருக்க வேண்டுமல்லவா? அந்தச் சிலைக்கு முகம் கொடுத்தவர்தான் 'மோல்டு'.

மோல்டு என்பவர் பார்ட்-டூவின் பள்ளிக்கூட நண்பர். பணம் பார்ட்-டூவுடையது என்றாலும், இருவரும் சேர்ந்துதான் தொழிற்கூடம் தொடங்கினார்கள். பொம்மைக்கு அச்சு செய்வது மோல்டின் வேலை. அதனால் அந்தப் பெயர். பீங்கான் வேலையில் அச்சுதான் எல்லாம். பிளாஸ்டர் அச்சுக்குள் மண்கூழை ஊற்றினால் பொம்மை கிடைக்கும். காய்ந்து சூளையில் வேகும்போது அந்தப் பொம்மை சுருங்கும். ஆகவே அச்சை முதலிலேயே கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். எவ்வளவு பெரிதாக என்பது மோல்டின் விரல்களுக்குத் தெரியும். மற்றவர்கள் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. யோசிப்பதற்கு அவர் இருந்தார்.

நான் வந்த ஆண்டு, சிலைக்காக மோல்டு தம் சொந்தத் தலையையே அச்செடுத்துக் கொடுத்தார். மூக்கில் இரண்டு ஸ்டிரா, முகம் முழுக்க பிளாஸ்டர். இறுகும்வரை வாயைத் திறக்கக் கூடாது, நகரக் கூடாது. இப்படி ஒரு ரசிகர் வாழ்க்கையில் கிடைப்பாரா? பார்ட்-டூ பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, படத்தின் கதையை முழுதாகச் சொல்லி முடித்தார். அச்சைக் கழற்றியபோது மீசையில் ஒரு பங்கு அதோடு போய்விட்டது. மோல்டின் முதல் வாக்கியம்: "டேய், சர்வருக்கு மனக்கொறைன்னு நீ எப்பிடிடா சொல்லலாம்?"

அந்த அச்சுக்குள் பிளாஸ்டரையே ஊற்றி ஒரு தலை செய்தார்கள். பிளாஸ்டர் சுருங்காது, ஆகவே அச்சு அசல் மோல்டு. தொப்பி வைத்து, மூக்குக்கண்ணாடி மாட்டி, ஸ்டூல் மேல் நிறுத்தினார்கள். அந்த ஆண்டு நாடகம் பிரமாதம். கோப்பை பறந்தது, நாற்காலி நகர்ந்தது, பேக்கிங் மணி உதை வாங்கினார். வேப்பமரத்தில் ஏறி நரம்பை இழுத்தவரும் மோல்டுதான். கீழே தன் தலை, மேலே தான் என்று இரண்டு இடத்தில் இருந்த ஒரே நடிகர்.

சண்டை தீபாவளிக்கு வந்தது.

மோல்டு நண்பனுக்குப் பரிசு கொடுக்க நினைத்தார். தம் அக்கா மகனைப் பிடித்து, அந்தப் படத்தின் முதல் பாகத்தை எங்கிருந்தோ இறக்கி, ஒரு பென் டிரைவில் போட்டு, சிவப்பு நூல் கட்டி எடுத்து வந்தார். வரும் முன் தாமும் ஒரு தடவை பார்த்துவிட்டார். அங்கேதான் தவறு நடந்தது. நான் தீபாவளிப் பலகாரம் சாப்பிட அன்று அங்கே போயிருந்தேன்.

"டேய், சின்னம்மா புருஷன் எப்பிடி இருக்கான் தெரியுமா? ராஜாவாட்டம் இருக்கான்டா! அவன் நடந்தா போதும், படமே எழுந்து நிக்கிது!"

பார்ட்-டூ காதுகளைப் பொத்திக்கொண்டார். "எனக்கு மொத பாகம் சொல்லாத."

"சொல்றதக் கேளு. அவனுக்கு மாத்தலும் இல்ல, ஒண்ணும் இல்ல. மொத படத்துலியே பெரிய ஆளாயிட்டான். இதுக்கு வரமாட்டேன்னுட்டான். அந்தம்மா என்னா பண்ணும்? வேற ஊருக்குப் போயிட்டாருன்னு சொல்லி சமாளிக்கிது. அவன் இல்லாத படத்தயாடா இத்தினி வருஷமா பாத்துக்கிட்டுக் கெடக்கற?"

"வருவாரு."

"எங்கேர்ந்து வருவான்? படம் எடுத்து முடிச்சி எத்தினி வருஷம் ஆவுது! அந்த நாக்காலி காலிடா. காலியாதான் இருக்கும்."

பார்ட்-டூ கைகளைக் காதிலிருந்து எடுத்தார். "எங்கிட்ட மொத பாகம் பேசறவனுக்கு இங்க வேல இல்ல."

சொன்ன மறுகணமே அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஆனால் சொல் போய்ச் சேர்ந்துவிட்டது. மோல்டு எழுந்தார். சோற்றுக் கேரியரை எடுத்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்தோம். அவர் அலமாரியைத் திறந்து தம் பிளாஸ்டர் தலையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"என் தலைய நான் எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு நல்லூர்ப் பக்கம் இருக்கும் தம் ஊருக்கு பஸ் ஏறினார். கண்டக்டர் அந்தத் தலையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னாராம்.

அவர் ஊரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிட்டார். இங்கே அச்சுகள் தேயத் தொடங்கின. பிளாஸ்டர் அச்சு பல தடவை ஊற்றினால் மழுங்கிவிடும். புதிது செய்யாவிட்டால் பொம்மைகளின் முகம் கரைந்துகொண்டே போகும். மாசிமகம் வரும்போது சரஸ்வதிக்கு மூக்கு இல்லை. ஆடி பிறந்தபோது தசாவதாரத்தில் பத்துப் பேரும் ஒரே ஆள். கொலுவுக்குப் போன பெட்டிகளில் சில திரும்பி வந்தன. கடைக்காரர் ஒருவர் போனில், "செட்டியார் பொம்ம கேட்டா, செட்டியாரம்மா மீச வெச்சாப்பல ஒண்ண அனுப்பியிருக்கீங்களே" என்று கேட்டார்.

ஸ்டெல்லா அக்கா என்னிடம் நேராகவே சொன்னார்: "சார், நீங்க பேப்பர்காரரு, எடுத்துச் சொல்லுங்க. அவுரு வரலன்னா அடுத்த கொலுவுக்கு இந்த யூனிட்டு இருக்காது. மொதலாளி ராத்திரி சோறு துன்னறதில்லன்னு அவுங்க வூட்டுல சொல்றாங்க. போன் பண்ணிக் கூப்புடுங்கன்னா, ரெண்டாவதாத்தான் நான் பண்ணுவேன்னு குந்திக்கினு இருக்காரு. மொதல்ல யாரு பண்றது?"

நான் எடுத்துச் சொன்னேன். பார்ட்-டூ கவனமாகக் கேட்டுக்கொண்டு, "இதப் பத்தி ஏற்கெனவே பேசியிருக்கமே சார்" என்றார். பேசியிருக்கவில்லை.

மறுபடி ஆயுத பூஜை நெருங்கியது. நாடகம் உண்டு என்று அறிவித்தார். நோட்டீஸ்கூட அடித்திருந்தார். ஆனால் விருத்தாசலம் முழுக்கச் சுற்றியும் என் கண்ணில் ஒரு நோட்டீஸும் படவில்லை. அந்த வாரம் உளுந்துப் பயிர் பற்றி எழுத நல்லூருக்குப் போனேன். பஸ் நிறுத்தத்தில் நோட்டீஸ். டீக்கடையில் நோட்டீஸ். தண்ணீர்த் தொட்டியில் நோட்டீஸ். அங்கிருந்து மோல்டின் ஊருக்குத் திரும்பும் சாலையில் மைல்கல் தோறும் நோட்டீஸ். கடைசியாக, ஒரு மல்லாட்டைக் கொல்லையின் பம்ப்செட்டுக் கொட்டகையில் நான்கு பக்கமும் நோட்டீஸ். கொல்லை யாருடையது என்று விசாரித்தேன். விசாரித்திருக்க வேண்டியதில்லை.

"நம்ம ஊர்ல ஒண்ணுகூட ஒட்டலியே?" என்று பார்ட்-டூவிடம் கேட்டேன்.

"நல்லூர்ப் பக்கத்து ஜனங்க கலைக்கு ஏங்கிக் கெடக்கறாங்க சார்" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

அடுத்த சிக்கல் தலை. நாடகத்துக்குச் சிலை வேண்டும். தலையோ நல்லூர்ப் பக்கம் போய்விட்டது. ஆனால் தலையின் அச்சு அலமாரிக்கு அடியில் கிடந்தது. பிளாஸ்டர் மூட்டையை மோல்டு இருந்தால் மூடி வைத்திருப்பார். அவர் இல்லாமல் மழையில் நனைந்து மூட்டையோடு கல்லாகியிருந்தது. "பிளாஸ்டர் இல்லன்னா என்னா, மண்ணு இருக்குதே" என்றார் பார்ட்-டூ. மண்கூழை ஊற்றினார்கள். தலை வந்தது. காய வைத்தார்கள். பேக்கிங் மணி மீசைக்குக் கறுப்புப் பூச்சு பூசினார். சூளையில் வைத்தார்கள்.

வாழ்நாள் முழுவதும் சுருங்குவதற்கென்று பெரிதாகச் செய்த அச்சுகளிலேயே ஊற்றிப் பழகிய பன்னிரண்டு பேர். மனிதத் தலையிலிருந்து நேராக எடுத்த அச்சு இது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

சூளையைத் திறந்தது ஆயுத பூஜையன்று மதியம். பேக்கிங் மணிதான் தலையை இரண்டு கைகளிலும் ஏந்தி வந்தார். மோல்டின் முகம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஏழாம் வகுப்புப் படிக்கும் மோல்டு. மீசைப் பூச்சு வெப்பத்தில் வழிந்து, மேல்நோக்கி முறுக்கியிருந்த மீசை, துக்கம் விசாரிக்க வந்ததுபோல் தாடைவரை தொங்கியது.

"அண்ணா, தல சின்னதா இருக்குது" என்றார் மணி.

பார்ட்-டூ தலையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செத்துப் போனவங்க தூரத்துல இருக்கறாங்க. தூரத்துல இருக்கறவங்க சின்னதாத்தான் தெரிவாங்க" என்றார். ஆனால் குரலில் வழக்கமான தெம்பு இல்லை.

மாலை ஐந்து மணிக்கு முற்றம் நிறைந்திருந்தது. சூளைக்கு வாழைமரம் கட்டி, சந்தனம் தெளித்திருந்தார்கள். அச்சுகளுக்கெல்லாம் வரிசையாகக் குங்குமம். நல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். தங்கள் ஊரெல்லாம் நோட்டீஸ் என்பதால் சினிமாக்காரர் யாரோ வருகிறார் என்று பேச்சாகியிருந்தது. பார்ட்-டூ திரையாகக் கட்டியிருந்த வேட்டியை விலக்கி, வந்தவர் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் தேடிய முகம் இல்லை. "ஆரம்பிங்க" என்றார். நான் கேட்டு, அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை.

திரை விலகியது. ஸ்டூல் மேல் தலை. தொப்பி மட்டும் போன ஆண்டுத் தொப்பி, மோல்டின் உண்மையான அளவுக்கு வாங்கியது. யாரோ கைதட்டிய அதிர்வில் அது மெல்ல இறங்கி மூக்கில் வந்து நின்றது. மூக்குக்கண்ணாடி நழுவிக் கீழே விழுந்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர், "இவனா சினிமாக்காரன்? மொகத்தக் காட்ட மாட்டேங்கறானே" என்றார்.

ஸ்டெல்லா அக்கா பளபளக்கும் கவுனில் நுழைந்தார். தலையைப் பார்த்தார். அவர் அதை அதுவரை பார்த்திருக்கவில்லை. வசனம் மறந்துபோனது. தொப்பியைத் தூக்கிப் பார்த்து, தொங்கிய மீசையைப் பார்த்து, இடுப்பில் கைவைத்துச் சொன்னார்:

"என்னாங்க, மேலோகத்துல ஒங்களுக்கு சோறு போடலியா? இப்பிடி வத்திப் போயிட்டீங்க?"

முற்றம் வெடித்தது. திரைக்குப் பின்னால் பார்ட்-டூ மட்டும் சிரிக்கவில்லை. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நல்லூர்ப் பக்கம் முழுக்கக் கூப்பிட்டு, நண்பனின் தலையைக் கேலிப்பொருளாக்கிவிட்டோம், இனி அவன் எந்த முகத்தோடு வருவான் என்று மணியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது சூளைப் பக்கமிருந்து ஒரு குரல்.

"டேய்! சுருங்கறதுக்கு சேத்தியாடா?"

எல்லாரும் திரும்பினோம். மோல்டு. பஸ்ஸில் மற்றவர்களோடு வராமல், டிராக்டரில் தொற்றிக்கொண்டு வந்து, கூட்டத்துக்குப் பின்னால் சூளை மறைவில் நின்றிருந்திருக்கிறார். ஆட்களை விலக்கிக்கொண்டு மேடைக்கு ஏறினார். தலையைத் தூக்கினார். தலைகீழாகக் கவிழ்த்து உள்ளே பார்த்தார். விரலால் சுண்டி ஓசை கேட்டார்.

"அச்சு சேந்த மூட்டக்கூட தேய்க்கல. பூச்சு ரெண்டு மடங்கு. ஈரம் காயறதுக்குள்ள சூளையில வெச்சிருக்கீங்க. எவன்டா இதச் செஞ்சது?"

பார்வையாளர்கள் இதுவும் நாடகம் என்று நினைத்து அமைதியானார்கள். பார்ட்-டூ திரைக்குப் பின்னாலிருந்து வந்தார்.

"அச்சுல நேரா ஊத்திட்டோம்" என்றார்.

"நேரா ஊத்துவானா ஒருத்தன்? ஒரு ஃபியூஸ் கட்டைக்கே சுருங்கறதுக்கு சேத்துப் போடறோம். மனுசன் தலைக்குப் போட மாட்டியா? இத்தினி வருஷமா இந்தத் தொழில்ல என்னாடா பண்ணிக்கிட்டிருந்த?"

"நீ இருந்த" என்றார் பார்ட்-டூ.

மோல்டு தலையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். அதைப் பார்த்தபடியே, "மீசையாவது நேரா வெச்சிருக்கலாம்" என்றார். குரல் இறங்கியிருந்தது.

நாடகம் நின்றுபோயிருந்தது. ஸ்டெல்லா அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மொதலாளி, நான் இப்ப காலி நாக்காலியப் பாத்து, அவுருக்கு மாத்தல் ஆயிடுச்சின்னு சொல்லணும். இவுரு எதிர்லியே நிக்கறாரு. என்னா சொல்லட்டும்?"

பத்து ஆண்டுகளாக அந்தப் படத்தில் ஒரு கோப்பை நகரும் இடத்தைக்கூட மாற்ற விடாத மனிதர் பார்ட்-டூ. ஒருமுறை பேக்கிங் மணி இரண்டு தும்மலுக்குப் பதில் மூன்று தும்மியதற்குக் காட்சியையே திரும்ப நடத்தியவர்.

"மாத்திச் சொல்லு" என்றார்.

"என்னான்னு மாத்தறது?"

"வந்துட்டாருன்னு சொல்லு."

ஸ்டெல்லா அக்கா சொன்னார். மோல்டு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார், பொருந்தியது. காலி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவருக்கு வசனம் எதுவும் இல்லை. நாடகம் முடியும்வரை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, மரத்தில் நரம்பு இழுத்த ஆளை, "மெல்ல, மெல்ல, கோப்ப இடிக்குது பாரு" என்று அதட்டிக்கொண்டிருந்தார். ஆவிகள் இப்படித்தான் பேசும் போல என்று முன்வரிசை ஏற்றுக்கொண்டது. எனக்குத் தெரிந்து, கணவன் திரும்பி வந்துவிட்ட இரண்டாம் பாகம் அது ஒன்றுதான்.

கூட்டம் கலைந்த பிறகு இருவரும் வேப்பமரத்தடியில் ஒரே தட்டில் பொரி கடலை தின்றார்கள். நான் பக்கத்தில் இருந்தேன். 

"பென் டிரைவ் குடுத்தனே, பாத்தியா?" என்றார் மோல்டு.

"பாத்தேன்."

"முழுசா?"

"பாதி."

"எந்தப் பாதி?"

"ரெண்டாவது பாதி."

மோல்டு பொரியைக் கையில் அள்ளியபடி நிறுத்தினார். "எப்பிடி இருக்கான்?"

பார்ட்-டூ தட்டிலிருந்து ஒரு கடலையைப் பொறுக்கி எடுத்தார். "நல்லாத்தான் இருக்கான்" என்றார்.

மறுநாள் விஜயதசமி. அந்தத் தெருவில் எல்லாத் தொழிற்கூடங்களுக்கும் விடுமுறை. இருவரும் வேலைக்கு வந்திருந்தார்கள்.